கணினிக் கேள்வி பதில்: பெயரைக் கேட்டால் பாதிப் பெயர்தான் வருகிறது

ஆய்வகத் தேர்வு நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி சி மொழியைப் பற்றித்தான் இருக்கும். இம்முறை ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில் சிக்கியிருக்கிறார்கள். டெர்மினலில் ஒருவர் தட்டுவதைப் புரோகிராமுக்குள் ஸ்டிரிங்காக, அதாவது எழுத்துகளின் தொடராக, வாங்குவது எப்படி என்பதே அந்த இடம். பாடப்புத்தகங்கள் இதை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. மாணவர்கள் வருடம் முழுவதும் அதற்கு விலை கொடுக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: பெயரையும் வயதையும் கேட்கும் புரோகிராம் எழுதினேன். பெயருக்கு 20 இடம் கொண்ட கேரக்டர் அரே. ஸ்கேன்எஃப்-இல் '%எஸ்' போட்டு வாங்குகிறேன். 'முத்து' என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தால் சரியாக வருகிறது. 'முத்து லட்சுமி' என்று கொடுத்தால் 'முத்து' மட்டும் பதிவாகிறது. அதோடு, வயதைத் தட்டுவதற்குக்கூட நிற்காமல் புரோகிராம் முடிந்துவிடுகிறது. வயது என்று சம்பந்தமில்லாத ஓர் எண் வருகிறது. ஏன்?
— பொறியியல் முதலாண்டு மாணவி, விருதுநகர்

பதில்: நீங்கள் சொல்வது இரண்டு பிரச்சினை போலத் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான். '%எஸ்' பெயரை வாங்குவதில்லை; ஒரு சொல்லை வாங்குகிறது. முதலில் எதிர்ப்படும் இடைவெளி, டேப், புதுவரிக் குறி எல்லாவற்றையும் தாண்டுகிறது. பிறகு எழுத்துகளை எடுத்து அரேயில் வைக்கிறது. அடுத்த இடைவெளியைக் கண்டதும் நின்று, ஸ்டிரிங் இங்கே முடிகிறது என்று காட்ட, கடைசியில் ஒரு பூஜ்ய பைட்டை வைத்துவிட்டுத் திரும்புகிறது. மீதி எங்கும் போய்விடவில்லை. ' லட்சுமி' என்பதும் அதன் பின்னால் நீங்கள் தட்டிய எண்டரும் பஃபரில், அதாவது தட்டியவை படிக்கப்படும் வரை தங்கும் நினைவகப் பகுதியில், அப்படியே காத்திருக்கின்றன.

அடுத்த வரியில் எண்ணை வாங்கும் '%டி' வருகிறது. அது இடைவெளியைத் தாண்டிவிட்டு இலக்கத்தைத் தேடுகிறது. கிடைப்பதோ 'லட்சுமி'யின் முதல் எழுத்து. இலக்கம் இல்லை என்று தெரிந்ததும் அந்த எழுத்தைத் தொடாமல் திரும்பிவிடுகிறது. பஃபரில்தான் படிக்க ஏற்கெனவே எழுத்து இருக்கிறதே, பிறகு எதற்காக உங்களுக்காக அது நிற்க வேண்டும்? உங்கள் வயது மாறிக்கு யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை. நினைவகத்தில் அந்த இடத்தில் முன்பு கிடந்த ஏதோ ஒன்றுதான் எண்ணாகத் திரையில் வந்தது.

ஸ்கேன்எஃப் இதை உங்களிடம் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை மதிப்புகளை வெற்றிகரமாக வைத்தேன் என்று ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. பெயருக்கு 1 என்றது, வயதுக்கு 0 என்றது. அந்த 0-ஐ யாரும் பார்க்கவில்லை. சி மொழியில் ஒரு ஃபங்ஷன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது பாதி வேலை. அதைத் தேர்வுக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள், மகளே.

இதற்கு வழி, எஃப்கெட்ஸ் என்ற ஃபங்ஷன். அதற்கு மூன்று செய்தி வேண்டும்: எந்த அரேயில் வைப்பது, அதில் மொத்தம் எவ்வளவு இடம், எங்கிருந்து படிப்பது. கடைசிச் செய்தியாக எஸ்டிடிஇன் என்று கொடுத்தால் டெர்மினலிலிருந்து படிக்கும். இடைவெளியைப் பார்த்து நிற்காது. வரி முடியும் வரை எடுக்கும். 20 என்று சொன்னால் 19-க்கு மேல் ஒரு பைட்கூட எடுக்காது, ஏனெனில் இருபதாவது இடம் பூஜ்ய பைட்டுக்கு. வரி இடத்துக்குள் அடங்கினால் எண்டரின் புதுவரிக் குறியையும் சேர்த்தே அரேயில் வைக்கும். அதை நீங்கள்தான் நீக்க வேண்டும். ஸ்டிர்சிஎஸ்பிஎன் என்ற ஃபங்ஷன் புதுவரிக் குறி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். அந்த இடத்தில் '\0', அதாவது பூஜ்ய பைட், வைத்தால் போதும். புதுவரிக் குறியே இல்லையென்றால் அது ஸ்டிரிங்கின் முடிவைக் காட்டும். அங்கே ஏற்கெனவே பூஜ்யம்தான் இருக்கிறது, கேடில்லை.

உங்கள் சீனியர்கள் ஸ்கேன்எஃப்-இல் '%[^\என்]' என்று ஒரு வித்தை சொல்லிக் கொடுப்பார்கள்; '\என்' என்பது புதுவரிக் குறி, அது வரும் வரை வாங்கு என்று பொருள். இடைவெளியோடு வாங்குவது உண்மைதான். ஆனால் அளவு குறிப்பிடாவிட்டால் அரேயைத் தாண்டி எழுதும். எண்டரை எடுக்காமல் விட்டுவிடும். பயனர் வெறும் எண்டரைத் தட்டினால் எதையுமே வாங்காது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: வயதை ஸ்கேன்எஃப்-இல் வாங்கிவிட்டு, முகவரியை எஃப்கெட்ஸ்-இல் வாங்குகிறேன். முகவரியைக் கேட்காமலேயே தாண்டிப் போய்விடுகிறது. நடுவில் எஃப்ஃபிளஷ்(எஸ்டிடிஇன்) போட்டால் கல்லூரியின் டர்போ சி-யில் வேலை செய்கிறது. வீட்டில் லினக்ஸில் வேலை செய்யவில்லை. எது சரி?
— டிப்ளமோ மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, இந்த வாரம் இதே கேள்வியோடு வந்த கடிதங்களில் உங்களுடையதில்தான் இரண்டு இடத்திலும் ஓட்டிப் பார்த்த விவரம் இருந்தது. அதனால் உங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விசையைத் தட்டியதும் எழுத்து நேராகப் புரோகிராமுக்குப் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். லினக்ஸில் அப்படியில்லை. இடையில், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள், டெர்மினலைக் கவனிக்கும் ஒரு பகுதி இருக்கிறது. நீங்கள் தட்டுவது அங்கே ஒரு வரியாகச் சேர்கிறது. '18' என்று தட்டி, பேக்ஸ்பேஸ் அழுத்தி, '9' தட்டி, எண்டர் அடித்துப் பாருங்கள். 8 வந்ததும் அழிந்ததும் உங்கள் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. எண்டர் தட்டிய பிறகுதான் வரி அதன் கைக்கு வருகிறது. வரும்போது மூன்று பைட்டுகள்: '1', '9', '\என்'.

இப்போது '%டி' வேலையைத் தொடங்குகிறது. 1-ஐ எடுக்கிறது, 9-ஐ எடுக்கிறது, புதுவரிக் குறியைப் பார்க்கிறது. அது இலக்கம் இல்லை. எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு 19 என்று முடித்துக்கொள்கிறது. அடுத்து வரும் எஃப்கெட்ஸுக்கு முதலில் தென்படுவது அந்த மிச்சப் புதுவரிக் குறி. வரி முடிந்துவிட்டது என்று அது முடிவு செய்வதில் தவறே இல்லை. முகவரி அரேயில் இப்போது ஒரே ஒரு எழுத்து, '\என்' மட்டும் இருக்கும். எஃப்கெட்ஸ் தாண்டிப் போகவில்லை, தம்பி; உங்கள் வெற்று வரியை ஒழுங்காகப் படித்திருக்கிறது.

பிறகு ஏன் அடுத்தடுத்து இரண்டு '%டி' போட்டால் சிக்கல் வருவதில்லை? '%டி', '%எஸ்' இரண்டும் முன்னால் கிடக்கும் புதுவரிக் குறியைத் தாமாகவே தாண்டிவிடும். ஓர் எழுத்தை வாங்கும் '%சி' தாண்டாது, எஃப்கெட்ஸ் தாண்டாது, ஓர் எழுத்தைப் படிக்கும் கெட்சார் ஃபங்ஷனும் தாண்டாது. முதல் மூன்று பாடங்களில் எண்களை மட்டுமே வாங்கிப் பழகியவர்கள் நான்காவது பாடத்தில் எழுத்து வாங்கும்போது தடுமாறுவது இதனால்தான்.

எஃப்ஃபிளஷ் என்பது வெளியீட்டுக்கான ஃபங்ஷன். எழுதிச் சேர்த்து வைத்திருப்பதை உடனே அனுப்பு என்பதே அதன் பொருள். உள்ளீட்டின் மீது அதைப் போட்டால் என்ன நடக்கும் என்று சி மொழியின் தரநிலை வரையறுக்கவில்லை. டர்போ சி மிச்சத்தைத் துடைத்துவிடுகிறது. லினக்ஸில் உங்கள் டெர்மினல் உள்ளீட்டை அது துடைப்பதில்லை. ஒரு கம்பைலர் தன் விருப்பத்துக்குச் செய்து தருவதை மொழியின் விதி என்று நம்பக் கூடாது. டர்போ சி 1987-இல் வந்தது. அதில் மட்டும் ஓடுகிற பழக்கங்களை இன்றைய மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு முறைகளைக் கலக்காதீர்கள். பெயரோ வயதோ முகவரியோ, எல்லாவற்றையும் எஃப்கெட்ஸ் கொண்டு முழு வரியாக வாங்குங்கள். வயது வேண்டுமானால் வாங்கிய வரியை ஸ்டிர்டோல் ஃபங்ஷனிடம் கொடுங்கள். அது எண்ணை மாற்றித் தருவதோடு, எந்த இடத்தில் நின்றேன் என்றும் ஒரு பாயிண்டர் மூலம் சொல்லும். தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்தால் அந்த வரியில் எண்ணே இல்லை. '19அ' என்று தட்டியிருந்தால் 'அ'-வின் மீது நிற்கும். 'வயதை எண்ணாகக் கொடுங்கள்' என்று கேட்டு மறுபடி ஒரு வரி வாங்கலாம். தவறான வரி முழுவதும் ஏற்கெனவே உங்கள் கையில் இருப்பதால் பஃபரில் மிச்சம் எதுவும் கிடக்காது. மெனு புரோகிராமில் எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டியதும் திரை நிற்காமல் ஓடுகிறதே, அந்த நோயும் இதோடு தீரும். அங்கே '%டி' அதே எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

கேள்வி: எங்கள் ரெக்கார்டு நோட்டில் ஸ்டிரிங் பயிற்சிகள் எல்லாவற்றிலும் கெட்ஸ்தான் இருக்கிறது. புதிய கணினிகளில் கம்பைலர் எச்சரிக்கை கொடுக்கிறது. எளிய பயிற்சிதானே, எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லலாமா?
— கௌரவ விரிவுரையாளர், தஞ்சை மாவட்டம்

பதில்: சொல்லாதீர்கள், அம்மா. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

ஒரு வரியை வாங்கும் பழைய ஃபங்ஷனான கெட்ஸுக்கு அரேயின் முகவரி மட்டும்தான் தெரியும். அளவு தெரியாது, அதைச் சொல்ல வழியும் இல்லை. பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று கேட்காமலே ஊற்றுகிற கை அது. 20 இடம் உள்ள அரேக்கு 200 எழுத்து வந்தால் மீதி 180-ஐயும் பக்கத்து நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும். அந்தப் பக்கத்து நினைவகத்தில்தான் இந்த ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் இருக்கிறது.

இது ஏட்டுப் பேச்சு இல்லை. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் எழுதிய ஒரு புரோகிராம் இணையத்தில் பரவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, பிஎஸ்டி யுனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடிய, பயனர்களைப் பற்றிய விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவை. அந்தச் சேவை, வரும் வரியைக் கெட்ஸ் கொண்டு 512 பைட் பஃபரில் வாங்கியது. மோரிஸின் புரோகிராம் 536 பைட் அனுப்பியது. கூடுதலாகப் போன அந்த 24 பைட்டுகள் திரும்பும் முகவரியின் மீது ஏறின. வாக்ஸ் கணினிகளில் அனுப்பியவரின் கட்டளை ஓடத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான கணினிகள் செயலிழந்தன. மோரிஸுக்கு 1990-இல் அமெரிக்க நீதிமன்றம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும் அபராதமும் விதித்தது.

அதன் பிறகும் 1989-இன் தரநிலையில் கெட்ஸ் இடம்பெற்றது, பழைய புரோகிராம்களுக்காக. 2011-இன் தரநிலையில்தான் அதை முற்றிலும் நீக்கினார்கள். ஒரு மொழியிலிருந்து ஒரு ஃபங்ஷனையே தூக்கி எறிவது சி-யின் வரலாற்றில் அரிதானது. ஜிசிசி என்ற கம்பைலரின் 14-ஆம் பதிப்பு முதல், தலைப்புக் கோப்பில் அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைத்தால் எச்சரிக்கையோடு விடுவதில்லை, பிழை என்றே நிறுத்திவிடும். லினக்ஸின் புதிய நூலகத் தலைப்புக் கோப்பு, இன்றைய தரநிலையில் கெட்ஸை அறிவிப்பதில்லை. ஆகவே உங்கள் ரெக்கார்டு நோட்டின் பயிற்சிகள் இன்னும் சில ஆண்டுகளில் கம்பைல்கூட ஆகாது.

கெட்ஸுக்குப் பதில் எஃப்கெட்ஸைக் கொடுங்கள். அதன் மூன்று ஆர்க்யுமெண்ட் மாணவர்களுக்குக் கடினம் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. 'இடம் எவ்வளவு?' என்ற கேள்வியை முதல் வாரத்திலேயே அவர்கள் வாயில் வர வைப்பதற்கு எஃப்கெட்ஸைவிட நல்ல பயிற்சி இல்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அளவு குறிக்காத '%எஸ்'-உம் கெட்ஸைப் போலவே ஆபத்தானது, அதற்கு எந்த எச்சரிக்கையும் வராமலே போகலாம். போட்டே தீர வேண்டுமானால் 20 இட அரேக்கு '%19எஸ்' என்று எழுத வேண்டும். எஃப்கெட்ஸுக்கு 20 என்றும் ஸ்கேன்எஃப்-க்கு 19 என்றும் சொல்ல வேண்டியிருப்பதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒன்று மொத்த இடத்தைக் கேட்கிறது, மற்றது பூஜ்ய பைட்டை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் கேட்கிறது.

கேள்வி: கேர் ஸ்டார் பெயர் என்று அறிவித்து, உடனே ஸ்கேன்எஃப்-இல் வாங்கினால் 'செக்மெண்டேஷன் ஃபால்ட்' வருகிறது.
— மாணவர், கரூர்

பதில்: நீங்கள் அறிவித்தது ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும் மாறியை மட்டும். எழுத்துகளை வைக்க இடம் எதுவும் ஒதுக்கவில்லை. ஸ்கேன்எஃப் உங்களுக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதப் போனதால்தான் அந்தப் பிழை. அரே ஆக அறிவியுங்கள், அல்லது மேலாக் என்ற ஃபங்ஷன் கொண்டு இடம் வாங்கி அந்த முகவரியை அதில் வையுங்கள்.

கேள்வி: 'ஆம்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'யெஸ்' என்ற சொல்லை வாங்கி, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்துவதில்லை. ஸ்டிர்கம்ப் போட்டேன், அப்போதும் பொருந்தவில்லை.
— பி.சி.ஏ. மாணவி, திண்டிவனம்

பதில்: இரட்டைச் சமக்குறி இரண்டு முகவரிகளை ஒப்பிடுகிறது, எழுத்துகளை அல்ல. ஸ்டிர்கம்ப் சரியான தேர்வுதான். அப்போதும் பொருந்தவில்லை என்றால் எஃப்கெட்ஸ் வைத்த புதுவரிக் குறி வாலாக ஒட்டியிருக்கிறது. விருதுநகர் மாணவிக்குச் சொன்னபடி நீக்குங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் பிரிண்ட்எஃப்-இல் ஸ்டிரிங்கின் இருபுறமும் சதுர அடைப்புக்குறி போட்டு அச்சிட்டுப் பாருங்கள். மூடும் குறி அடுத்த வரியில் விழுந்தால் வால் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே வாங்கும் சிறு புரோகிராமை லினக்ஸில் எழுதினேன். 20 இடம் போதும் என்று நினைத்தேன். 'யாழ்ப்பாணம்' என்று கொடுத்தால் 'யாழ்ப்' என்பதோடு ஒரு கேள்விக்குறி வைரம் வருகிறது. அடுத்த ஊரைக் கேட்கும் இடத்தில் தானாகவே குப்பையும் 'ணம்' என்பதும் போய் விழுகின்றன.
— மென்பொருள் பயில்பவர், யாழ்ப்பாணம்

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். நாம் சேர்ந்தே எண்ணுவோம்.

நம் கண்ணுக்கு அந்தச் சொல்லில் ஆறு எழுத்துகள்: யா, ழ், ப், பா, ண, ம். துணைக்காலைத் தனியாக எழுதிப் பழகியவர் கண்ணுக்கு இன்னும் கூடுதல். யுனிகோட் கணக்கே வேறு. ய, துணைக்கால், ழ, புள்ளி, ப, புள்ளி, ப, துணைக்கால், ண, ம, புள்ளி: பதினொன்று. யுனிகோட் குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆக 33 பைட். ஸ்டிரிங்கின் நீளத்தைச் சொல்லும் ஸ்டிர்லென் 33 என்றுதான் சொல்லும், ஏனெனில் சி-யின் கேர் என்பது பைட். நம் எழுத்து அல்ல.

20 இடத்தில் எஃப்கெட்ஸ் 19 பைட்டுகளை எடுத்தது. ஆறு குறிகளுக்கு 18 பைட், அது 'யாழ்ப்'. பத்தொன்பதாவது பைட், அடுத்து வரும் 'ப'-வின் மூன்றில் முதல் பங்கு. தனியாக அதற்குப் பொருள் கிடையாது, டெர்மினல் வைரத்தைக் காட்டியது. மீதி 14 பைட்டும் எண்டரும் பஃபரில் கிடந்து, அடுத்த எஃப்கெட்ஸுக்குப் போயின. அதில் முதல் இரண்டு பைட் அதே 'ப'-வின் எஞ்சிய பங்கு. நீங்கள் பார்த்த குப்பை அதுதான். இந்தச் சொல்லை முழுதாக வாங்க 33, புதுவரிக் குறிக்கு 1, பூஜ்யத்துக்கு 1 என்று 35 இடம் வேண்டும். ஊர்ப் பெயருக்கு 256 என்று தாராளமாக வைத்துவிடுங்கள்.

வைத்தாலும் ஒரு சோதனையை விடாதீர்கள். எஃப்கெட்ஸ் திரும்பியதும் அரேயில் புதுவரிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வரி இன்னும் முடியவில்லை. 'பெயர் நீளம்' என்று சொல்லி, புதுவரிக் குறி வரும் வரை கெட்சார் கொண்டு மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

பெயரைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டும் இடத்தைத் தேடி வெட்டுங்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட் 224. அடுத்தது 174 அல்லது 175. தொடர் பைட்டுகள் எல்லாம் 128-க்கும் 191-க்கும் இடையில் இருக்கும். கேர் மாறியை நேராக அச்சிட்டால் 224-க்குப் பதில் -32 என்று தெரியலாம். அன்சைன்டு கேர் ஆக மாற்றிப் பாருங்கள். பைட் எல்லையில் வெட்டுவதும் நமக்குப் போதாது. இதே சொல்லை 15 பைட்டில் வெட்டினால் கணினிக்குக் குறையில்லை. ஆனால் 'ப்' தன் புள்ளியை இழந்து 'யாழ்ப' ஆகிவிடும். வெட்டும் இடத்துக்கு அடுத்த குறி புள்ளியாகவோ உயிர்க்குறியாகவோ இருந்தால் வெட்டும் இடத்தை இன்னொரு குறி பின்னுக்கு நகர்த்த வேண்டும். தமிழில் பெயர் வாங்கும் ஒவ்வொரு புரோகிராமும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். ஒருவரின் பெயரைப் புள்ளி இல்லாமல் அச்சிட நமக்கு உரிமை இல்லை.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு சி கற்றுக்கொள்கிறேன். எத்தனை வரி வரும் என்று தெரியாதபோது, பயனர் முடித்துவிட்டார் என்பதைப் புரோகிராம் எப்படி அறியும்? கன்ட்ரோல்-டி என்கிறார்கள். சில சமயம் அதை இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கிறதே?
— வாசகர், மதுரை

பதில்: கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள், ஐயா. கன்ட்ரோல்-டி ஓர் எழுத்து போலப் புரோகிராமுக்குப் போவதில்லை. 'இதுவரை சேர்ந்ததை உடனே கொடுத்துவிடு' என்று கெர்னலுக்குச் சொல்லும் கட்டளை அது. வரியின் தொடக்கத்தில் அழுத்தினால் கொடுக்க எதுவும் இல்லை, ஒரு பைட்கூடப் போவதில்லை, நூலகம் அதை முடிவு என்று எடுத்துக்கொள்கிறது. வரியின் நடுவில் அழுத்தினால் முதல் அழுத்தத்தில் அரை வரி போகிறது; இரண்டாவதில்தான் கொடுக்க எதுவும் இல்லாத நிலை வருகிறது. விண்டோஸில் இதற்குப் பதில் கன்ட்ரோல்-இசட் அழுத்தி எண்டர் தட்ட வேண்டும்.

புரோகிராமில் எஃப்கெட்ஸ் திருப்பித் தருவது 'நல்' (படிக்க எதுவும் இல்லை என்று காட்டும் வெற்று முகவரி) ஆகும் வரை சுழன்றால் போதும். சுழலின் நிபந்தனையில், முடிவு வந்துவிட்டதா என்று சொல்லும் எஃப்இஓஎஃப் ஃபங்ஷனை வைக்காதீர்கள். படிக்க முயன்று தோற்ற பிறகுதான் அது உண்மை என்று சொல்லும். அதற்குள் கடைசி வரியை இரண்டு முறை அச்சிட்டிருப்பீர்கள். கெட்சார் கொண்டு எழுத்தெழுத்தாகப் படிப்பதானால், வாங்கும் மாறியை இன்ட் என்று அறிவியுங்கள். கேர் என்று அறிவித்தால் சில கணினிகளில் 255 என்ற பைட்டையே முடிவு என்று நினைத்து நின்றுவிடும். கைபேசிகளில் உள்ள ஏஆர்எம் வகைச் சில்லுகளில் லினக்ஸ் ஓடும்போது முடிவே தெரியாமல் சுழலும். வரியின் நீளமும் தெரியாது என்றால் யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 2008-இன் பாசிக்ஸ் தரநிலையில் உள்ள கெட்லைன் இருக்கிறது. தேவையான இடத்தைத் தானே வாங்கிப் பெருக்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஃப்ரீ அழைத்து இடத்தைத் திருப்பிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.